கிடங்கு உரிமையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போய்ச் சேரும். தபால் செலவு, சந்தா கட்டியவர்களுடையது.

ஆண்டுக்கு ஒருமுறை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும் என்று 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் சொல்வதால் கூடியிருக்கிறோம். செயற்குழு ஆறு முறை அழைக்கப்பட்டது. அதில் இரண்டு முறை போதிய ஆள் சேராமல் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். ஆயுத பூஜையன்று வண்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் புகுந்த கிடங்குகளுக்கு மோட்டார் பம்பு அனுப்பினோம். தொழிலாளர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். ஜி.என்.டி. சாலையிலிருந்து நம் கிடங்குகளுக்குத் திரும்பும் இடத்தில் விளக்கு வேண்டும் என்று மறுபடியும் மனுக் கொடுத்தோம்.

இனி, ஃபோர்க்லிஃப்ட் குறிப்பேடு, அதாவது கிடங்கில் சரக்கைத் தூக்கி அடுக்கும் வண்டிக்கான நோட்டு. பொதுக்குழு அனுமதியின்றிச் சங்கப் பணத்தில் 150 குறிப்பேடுகள் அச்சடிக்கப்பட்டதாக ஓர் உறுப்பினர் கடிதம் எழுதியிருந்தார். பொதுக்குழுவிடம் கேட்கவில்லை என்பது உண்மை. செயற்குழுக் கூட்டம் ஒப்புதல் கொடுத்திருந்தது. அந்தக் கூட்டத்துக்குக் கடிதக்காரரையும் அழைத்திருந்தோம், அவர் வரவில்லை. இருந்தாலும் விளக்கம் கேட்டது முறைதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

தொடக்கம் என் கிடங்கில் நேர்ந்த நஷ்டம்தான். 48 வோல்ட் வண்டி ஒன்றின் பேட்டரி மூன்றாம் ஆண்டிலேயே உட்கார்ந்துவிட்டது. ஈய-அமில பேட்டரி ஏறக்குறைய 1,500 சார்ஜ் தாங்கும். வேலை நாளுக்கு ஒன்று என்றால் ஐந்து ஆண்டு ஓட வேண்டும். விற்றவர்களிடம் வாரண்டி கேட்டேன். தண்ணீர் ஊற்றிய பதிவைக் காட்டுங்கள் என்றார்கள். என்னிடம் ஏது பதிவு? கோபத்தோடு திரும்பி வந்து பையன்களை விசாரித்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. சார்ஜ் போடுவதற்கு முன்பே 24 செல்லிலும் விளிம்புவரை தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது அமிலம் பொங்கி வழிந்து, பெட்டியையும் தரையையும் அரித்திருக்கிறது. டிஸ்டில்டு வாட்டர் தீர்ந்த நாட்களில் போர் தண்ணீர். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் சொருகி எடுப்பது வேறு; அப்படிச் சொருகுவதும் பேட்டரியின் ஆயுளில்தான் கழியும். குற்றம் விற்றவர்களுடையது அல்ல, என்னுடையது. சரியான முறை சிக்கலானதும் அல்ல. ஐந்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது வண்டியை நிறுத்த வேண்டும், ஒரே மூச்சில் முழுச் சார்ஜ் ஏற்ற வேண்டும், அதன் பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆறவிட்டு எடுக்க வேண்டும். இதை எழுதிவைக்க ஒரு நோட்டு இல்லாததால் எனக்கு ஒரு புதுப் பேட்டரியின் விலை போயிற்று.

அந்த நோட்டைத்தான் அச்சடித்தேன். வண்டிக்கு ஒன்று; சீட்டுக்குப் பின்னால் கயிற்றில் தொங்கும். வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காலையிலும் மாலையிலும் மீட்டர் காட்டும் கணக்கு, சார்ஜ் போட்ட நேரம், எடுத்த நேரம், தண்ணீர், பழுது, மாற்றிய பாகம், அதன் விலை. ஒரு நாளுக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

நம்மில் யாரைக் கேட்டாலும் வண்டியின் விலையும் மாதத் தவணையும் நுனி நாக்கில் இருக்கும். அதை ஓட்ட எவ்வளவு ஆகிறது என்று கேட்டால் டீசலையோ கரண்டையோ சொல்லி நிறுத்திவிடுவோம். ஹைட்ராலிக் ஹோஸ், ஆயில் சீல், சக்கர பேரிங் எல்லாம் சில்லறைப் பணத்தில் வாங்கப்பட்டு, வவுச்சரில் ‘இதர செலவு’ என்று விழுந்து மறைகின்றன. என் கிடங்கின் பழைய டீசல் வண்டிக்கு ஓராண்டு இதர செலவைக் கூட்டிப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வாடகைக்கு வண்டி எடுத்திருந்தால் அதைவிடக் குறைவாக முடிந்திருக்கும்.

டீசல் வண்டியில் இன்னொன்றும் உண்டு. லாரி வந்து நின்றிருக்கும், சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வந்திருக்காது, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பார். டீசல் போவது கண்ணுக்குத் தெரியும். மீட்டரும் கூடவே ஓடுவது தெரியாது. 250 மணிக்கு ஒரு சர்வீஸ் என்றால், சும்மா நின்ற மணிக்கும் சேர்த்தே ஆயிலும் ஃபில்டரும் மாற்றுகிறோம். விற்கப் போகும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதே மீட்டரைத்தான்.

உயரழுத்த மின் இணைப்பு உள்ள உறுப்பினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாலை 6 முதல் இரவு 10 வரை உச்ச நேரம்; கட்டணம் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. நம் கிடங்குகளில் ஆறு மணிக்கு ஷிப்டு முடிந்ததும் எல்லா வண்டிகளையும் ஒரேயடியாகச் சொருகிவிட்டுப் போகிறோம். சார்ஜருக்கு ஒரு டைமர் வைத்து பத்து மணிக்குத் தொடங்கச் செய்தால் போதும். இதைச் சுற்றறிக்கையாக அனுப்பினேன். செய்ததாக இரண்டு பேர் தொலைபேசியில் சொன்னார்கள். மற்றவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அடுத்து தரை. டயர் சீக்கிரம் பிய்கிறது என்று டயர்க்காரரைத் திட்டாத உறுப்பினர் கிடையாது, நானும் திட்டியிருக்கிறேன். குறிப்பேட்டில் டயர் மாற்றிய தேதிகளைப் பார்த்த பிறகு தரையைக் குனிந்து பார்த்தேன். கான்கிரீட் பலகங்களின் இணைப்பு விளிம்பு உடைந்திருந்த ஒரே இடத்தை எல்லா வண்டிகளும் நாளெல்லாம் தாண்டிக்கொண்டிருந்தன. அந்த விளிம்பை எபாக்சி கலவையால் அடைத்தோம். அதன் பிறகு டயர் பிய்வது மட்டுமல்ல, பேலட் என்ற சரக்குப் பலகையிலிருந்து அட்டைப்பெட்டி சரிந்து விழுவதும் குறைந்தது.

சரக்கைத் தாங்கும் இரும்புக் கரமான ஃபோர்க்கைத் தரையில் உரசியபடி ஓட்டுவது நம் ஓட்டுநர்களின் பரம்பரைப் பழக்கம். ஃபோர்க் வளையும் குதிகால் பகுதியில் கனம் 10 சதவீதம் தேய்ந்தால், தூக்கும் வலு 20 சதவீதம் குறைந்துவிடும். 40 மில்லிமீட்டர் ஃபோர்க் 36 ஆனால் மாற்றியே ஆக வேண்டும். வெல்டு வைத்துத் தடிமனாக்கக் கூடாது. வைத்திருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியும், இங்கே சொல்லவில்லை. ஃபோர்க்கை மேலே ஏற்றி இறக்கும் மாஸ்ட் சங்கிலி 3 சதவீதம் நீண்டுவிட்டால் அதற்கும் விடை கொடுக்க வேண்டும். இவற்றை விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்களுக்கு வகுப்பு நடத்தினோம். ஓட்டுநர்கள் நிறைய வந்தார்கள், நல்ல கேள்விகள் கேட்டார்கள். உரிமையாளர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் சாப்பாட்டுக்கு வந்தார்.

லித்தியம் பேட்டரிக்கு மாறினால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று கேட்கிறார்கள். தண்ணீர் வேலை இல்லை, இடைவேளையில் சார்ஜ் போடலாம், உண்மை. இரண்டு ஷிப்டு ஓட்டுபவர்களுக்கு விலை கட்டுப்படியாகலாம். ஒரே ஷிப்டு ஓட்டும் நான் அவசரப்பட மாட்டேன்.

குறிப்பேடு காட்டிய பெரிய உண்மை என் மானத்தை வாங்கியது. ஐந்து வண்டிகளில் ஒன்று மாதத்தில் சில மணி நேரமே ஓடியிருந்தது. ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று வைத்திருந்தேன். அதற்கும் இன்சூரன்ஸ், அதற்கும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம், சும்மா கிடந்தே கெட்டுப்போகும் ஒரு பேட்டரி. இப்படி ஒரு வண்டி இந்த அறையில் இருக்கும் பலரிடமும் மூலையில் நிற்கிறது.

குறிப்பேடுகள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பாதி விநியோகம் ஆயிற்று. ஒழுங்காக எழுதுபவர்கள் பத்துப் பேருக்குள். ஓர் இடத்தில் அதில் டீக்கணக்கு இருந்தது. கணக்கு சரியாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

வரவு செலவு ஏறக்குறைய சமமாக இருக்கிறது. சமமாக இல்லாத பகுதியைச் சென்ற ஆண்டு இருப்பிலிருந்து ஈடுகட்டினோம். தணிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார். விவரம் வேண்டுபவர்கள் பொருளாளரை அணுகலாம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் உறுப்பினர்களில் பாதிக்கும் மேல். சிலருக்கு மூன்று ஆண்டுப் பாக்கி. பெயர்ப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப் பையில் இருக்கிறது.

மண்டபம் கொடுத்தவர், ஒலிபெருக்கி வைத்தவர், கண் முகாம் மருத்துவர்கள், செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை. மூலையில் நிற்கும் வண்டிகளில் நல்ல நிலையில் உள்ள இரண்டைச் சங்கப் பொதுவில் வைத்து, யாருக்கு வண்டி படுத்தாலும் நாள் வாடகைக்குக் கொடுக்கலாம். அவரவர் ‘அவசர’ வண்டியை விற்றுவிடலாம். என் வண்டியை முதலில் தருகிறேன். ஆனால் அதற்கு இன்சூரன்ஸும் ஒரு மெக்கானிக்கின் சம்பளமும் வேண்டும். அந்தப் பணம் மேலே சொன்ன பாக்கியில்தான் இருக்கிறது. செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். யாரும் கை தூக்கவில்லை.

மீதிக் குறிப்பேடுகள் என் அலுவலக மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. இலவசம்தான். சந்தா ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்