பேசாலைக்கு எத்தனை மணி நேரம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 350 கிலோமீட்டர், விமானத்தில் ஒரு மணி நேரம் என்று தங்கள் இதழில் படித்தேன். கணக்கு சரிதான். அந்த ஒரு மணி நேரம் எங்கள் கரையில் இருப்பவர்களுக்கு என்னவாக நீள்கிறது என்பதையும் எழுதியிருக்க வேண்டும்.

என் சின்னம்மா வாழ்க்கைப்பட்ட ஊர் இலங்கையின் மன்னார்த் தீவிலுள்ள பேசாலை. தலைமன்னாருக்குப் பக்கம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் கடல்வழியே சுமார் 30 கிலோமீட்டர். ராமேஸ்வரம் தீவிலுள்ள எங்கள் தங்கச்சிமடத்திலிருந்து நாங்கள் ராமநாதபுரம் போய்வருவதே அதைவிடத் தூரம்.

சென்ற ஆண்டு ஒரு விடியற்காலையில் சின்னம்மா இறந்த செய்தி வந்தது. உடனே கார் பிடித்து மதுரைக்குப் போனேன். அன்றைக்கு இடம் கிடைக்கவில்லை. மறுநாள் மூன்று மணி நேரம் முன்னதாகவே போய்க் காத்திருந்து, ஒரு மணி நேரம் பறந்து கொழும்பு விமான நிலையம் உள்ள கட்டுநாயக்காவில் இறங்கி, அங்கிருந்து புத்தளம் வழியாக பஸ்ஸில் மறுபடி வடக்கே வந்தேன். தெற்கே பறந்த தூரத்தையெல்லாம் தரைவழியே திரும்பி வருவதுதான் இந்தப் பயணம். நான் போய்ச் சேர்ந்தபோது கல்லறையில் போட்ட மாலை வாடியிருந்தது. எண்பது வயது தாண்டிய என் அம்மா, தங்கையின் முகத்தைக் கைபேசியில்தான் பார்த்தார்.

1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வந்து, கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு வரை போனார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. அதற்குப் பிறகும் கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. 1980-களில் போர்தான் அதை நிறுத்தியது. போர் முடிந்தது 2009-இல். கப்பல் இன்னும் ஏன் ஓடவில்லை?

கடலில் ஆழம் போதாது என்பார்கள். அதே ஆழத்தில்தான் அன்றும் கப்பல் ஓடியது. 2015-இல் தலைமன்னார் இறங்குதுறை வரை ரயில் பாதையைச் செப்பனிட்டுத் திறந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் இங்கே புதிய பாம்பன் பாலமும் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் ரயில் வந்து நிற்கிறது. நடுவில் உள்ள கடலுக்குத்தான் கப்பல் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்கு 2023-இல் கப்பல் விட்டதில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. ஆனால் நாங்கள் நாகைக்குப் போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடுகிறது.

அக்காவும் தங்கையும் கடைசியாகச் சந்தித்தது கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவில். இங்கிருந்து ஒரு படகு, அங்கிருந்து ஒரு படகு, கோயில் வாசலில் ஓர் இரவு. பேசிப் பேசி இருவரும் தூங்கவேயில்லை.

ராமேஸ்வரம் – தலைமன்னார் கப்பல் பற்றித் தங்கள் இதழ் தொடர்ந்து எழுத வேண்டும், இரு அரசுகளையும் கேட்க வேண்டும். பஸ்ஸிலும் விமானத்திலும் அலைய அம்மாவின் உடம்பு இடம் கொடுக்காது. கப்பல் என்றால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தங்கச்சிமடம்.