ஊசி போடுவதற்கு முன்

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

டென்வரில் பாராமெடிக் (ஆம்புலன்ஸில் வந்து அவசர சிகிச்சை தருபவர்) படிப்பில் சேர்ந்திருக்கும் உன் பையனுக்கு நான் என்ன சொல்வேன் என்று கேட்டிருந்தாய். அவனுக்குப் பக்கத்து ஊரான அரோராவில் நடந்ததைத்தான் சொல்லத் தோன்றுகிறது.

2019 ஆகஸ்ட் 24 இரவு, கடைக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த எலைஜா மெக்லைன் என்ற 23 வயதுக் கறுப்பின இளைஞனைப் போலீஸ் மறித்தது. முகமூடி போட்டிருக்கிறான், சந்தேகமாக இருக்கிறது என்று யாரோ போன் செய்திருந்தார்கள். குற்றம் எதுவும் இல்லை. கழுத்தைச் சுற்றிப் பிடித்து அழுத்தினார்கள், விலங்கு மாட்டினார்கள். மூச்சு விட முடியவில்லை என்றான், வாந்தி எடுத்தான். வந்த பாராமெடிக்குகள் நாடிகூடப் பார்க்காமல் 500 மில்லிகிராம் கெட்டமைன் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போட்டார்கள். கண்ணால் பார்த்து 90 கிலோ இருப்பான் என்று கணக்கு. உண்மையில் 65 கிலோதான். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற அவர்கள் கணக்குப்படியே 325 போதும். ஆம்புலன்ஸிலேயே இதயம் நின்றது. சில நாளில் இறந்துபோனான். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மயக்க மருந்து டாக்டரான நான் கெட்டமைனைக் குறை சொல்ல மாட்டேன். கை முறிந்து துடிக்கிற குழந்தைக்கு அதைப் போல உதவுகிற மருந்து குறைவு. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் என் கைக்கெட்டும் தூரத்தில் ஆக்ஸிஜன், வாயில் சேர்வதை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் எல்லாம் இருக்கும். நோயாளியின் விரலில் மாட்டிய ஆக்ஸிமீட்டரின் சத்தம் கொஞ்சம் சுருதி இறங்கினாலே ஆக்ஸிஜன் குறைகிறது என்று அர்த்தம்; திரும்பிப் பார்க்கும் முன், மூச்சுக்கு வழிவிட என் கை அவர் தாடையைத் தூக்கிவிடும். தெருவில் போராடிக் களைத்தவன் உடம்பில் அமிலம் ஏறியிருக்கும். வேக வேகமாக மூச்சு விட்டால்தான் அது இறங்கும். அவனை அமுக்கிப் பிடித்து, மயக்கவும் செய்தால் அந்த ஒரு வழியும் அடைபடுகிறது.

அவனுக்கு 'எக்ஸைட்டட் டெலிரியம்', அதாவது கட்டுக்கடங்காத வெறிநிலை, என்று பாராமெடிக்குகள் காரணம் சொன்னார்கள். அமெரிக்க அவசர மருத்துவர்களின் அமைப்பே அதைப் பற்றிய தன் 2009 அறிக்கையை 2023இல் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் இரண்டு பாராமெடிக்குகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே, 2021இல், கெட்டமைன் போடச் சொல்லிப் போலீஸ் வற்புறுத்தக் கூடாது என்று அரோரா இருக்கும் கொலராடோ மாநிலம் சட்டம் போட்டுவிட்டது.

மயக்கியே தீர வேண்டிய நோயாளிகளும் உண்டு, கலா. தலையில் அடிபட்டுத் தன்னையே காயப்படுத்திக்கொள்பவரைச் சும்மா விட முடியாது. சர்க்கரை இறங்கினவரும் முரண்டு பிடிப்பார். அவருக்கு வேண்டியது குளுக்கோஸ். உன் பையன் போலீஸ் சொல்வதைக் கேட்டுக்கொள்ளட்டும், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் சொல்லிப் பேசி, நாடி, மூச்சு, சர்க்கரை எல்லாம் அவனே பார்க்கட்டும். ஊசி போட்ட பிறகு ஆளைக் குப்புறப் படுக்க விடவே கூடாது.

இதையெல்லாம் அவனுக்குப் படித்துக் காட்டு. சந்தேகம் இருந்தால் எந்த நேரமானாலும் எனக்குப் போன் செய்யச் சொல்.

அன்புடன்,
மல்லிகா