பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் நெட்டைக்காரருக்காக

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் அணிப் பொது மேலாளர்களுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு பிப்ரவரியிலும் டிரேட் கெடு, அதாவது அணிகள் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொள்ளும் கெடு, முடியும் நாளில், செய்தியின் கடைசி வரியில் ஒரு பெயர் வரும். நட்சத்திரம் ஒருவர் அணி மாறுவார். சம்பளக் கணக்கைச் சரிக்கட்ட அவரோடு ஒரு மாற்று சென்டரையும், ரிங்கருகே ஆடும் நெட்டைக்காரரை, அனுப்பி வைப்பீர்கள். ஏழடி உயரம், இருபத்திரண்டு வயது, ஆட்டத்துக்கு ஒன்பது பத்து நிமிடம். மறுநாள் காலையிலேயே எல்லோரும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "இவர் தேறுவாரா?" அந்தக் கேள்வியை அவரிடம் மட்டும் கேட்பது அநியாயம். பதிலில் பாதி உங்கள் கையில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஜெர்மெய்ன் ஓ'நீலை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1996 டிராஃப்டில், அதாவது புது ஆட்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 17-வது இடத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் போர்ட்லாந்து அணிக்கு வந்தார். நான்கு பருவம் அங்கே இருந்தார். சபோனிஸ், ரஷீத் வாலஸ், பிரையன் கிராண்ட் என்று அவருக்கு முன்னால் ஆட்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். நான்காவது பருவத்தில் அவருடைய சராசரி 3.9 புள்ளி. 2000 ஆகஸ்டில் அவரை இண்டியானாவுக்குக் கொடுத்து, அந்த ஆண்டுதான் நட்சத்திரங்களுக்கான ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடியிருந்த டேல் டேவிஸை வாங்கினார்கள். போர்ட்லாந்தை நான் குறை சொல்ல மாட்டேன். லேக்கர்ஸ் அணியின் சென்டர் ஷகீல் ஓ'நீலைத் தாங்கி நிற்க ஒரு முரட்டு உடம்பு அவர்களுக்கு வேண்டியிருந்தது; அந்த வசந்தத்தில்தான் லேக்கர்ஸிடம் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் 15 புள்ளி முன்னிலையைக் கோட்டைவிட்டிருந்தார்கள். ஆனால் இண்டியானா என்ன செய்தது? இருபத்திரண்டு வயதுப் பையனை முதல் ஐவரில் இறக்கியது, முப்பது நிமிடத்துக்கு மேல் ஆட விட்டது. முதல் பருவத்திலேயே 12.9 புள்ளி, 9.8 ரீபவுண்ட் (தவறிய எறிதலைப் பிடிப்பது). அடுத்த பருவத்தில் 19 புள்ளி, லீக்கிலேயே அதிகம் முன்னேறியவர் என்ற விருது. 2002 முதல் 2007 வரை ஆறு முறை தொடர்ந்து ஆல்-ஸ்டார். அணி மாறிய அந்தக் கோடை விடுமுறையில் அவர் வேறு மனிதராக மாறிவிடவில்லை. கிடைத்த நிமிடங்கள்தான் மாறின.

நெட்டைக்காரர்கள் ஏன் தாமதமாகத் தேறுகிறார்கள் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அறிந்தும் பொறுக்க மாட்டேன் என்கிறீர்களே, அதுதான் என் வருத்தம். ஒரு கார்டு, அதாவது வெளியே நின்று ஆட்டத்தை நடத்துபவர், தானே பந்தைக் கொண்டுவந்து தானே எறிந்து தன்னைக் காட்டிக்கொள்ளலாம். சென்டருக்கு அந்த வழி இல்லை. பாஸ் வந்தால்தான் புள்ளி. தடுப்பிலோ, மற்ற நால்வருக்கும் சேர்த்துப் பார்க்கிற கண் அவர்தான். எதிரணி ஸ்கிரீன் போட (தடுப்பவரின் வழியை உடம்பால் மறிக்க) வருவதை முதலில் கண்டு, பின்வாங்கி நிற்பதா, ஆளை மாற்றிக்கொள்வதா என்று அவர்தான் குரல் கொடுக்க வேண்டும். அணிக்கு அணி அந்தக் குரல் வேறு. பருவத்தின் நடுவில் வந்தவருக்குப் பயிற்சி நாளே அநேகமாகக் கிடைக்காது. ஆட்டம், விமானம், ஆட்டம் என்று ஓடும். ஒரு நொடி தாமதித்தால் ஃபவுல். ஒன்பது நிமிடத்தில் மூன்று ஃபவுல் வாங்கி உட்காருகிறவரைப் பார்த்து "கைக்கு அடக்கமில்லாத ஆள்" என்று எழுதிவிடுகிறோம். ஒன்பது நிமிடத்தில் யாருக்குத்தான் கண் பழகும்?

ஒப்பந்தமும் அவசரப்படுத்துகிறது. முதல் சுற்றில் எடுத்த ஆளின் நான்காம் ஆண்டைப் பற்றி, அவர் மூன்றாம் ஆண்டை ஆடத் தொடங்கும் நேரத்திலேயே முடிவெடுத்துவிடுகிறீர்கள். இருபத்தைந்துக்கு மேல் கனிகிற காயை இருபத்தொன்றில் அழுத்திப் பார்த்தால் கல்லாகத்தான் இருக்கும்.

இவிட்சா சூபாட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 பிப்ரவரியில் லேக்கர்ஸ் அவரையும் மைக்கேல் பீஸ்லியையும் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து மைக் மஸ்கலாவை வாங்கியது. அப்போது சூபாட்ஸுக்கு வயது 21. கிளிப்பர்ஸிலும் கதவு உடனே திறக்கவில்லை. முதல் ஐவரில் இறங்குவார், ஆட்டம் இறுகும்போது வெளியே வருவார்; உயரம் குறைந்த ஐவர் உள்ளே போவார்கள். ஆனாலும் அவரை வைத்துக்கொண்டார்கள். 2024-25 பருவத்தில் சராசரி 16.8 புள்ளி, 12.6 ரீபவுண்ட், லீக்கின் இரண்டாவது தடுப்பாட்ட அணியில் இடம். டிரேட் நடந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த சூபாட்ஸுக்கே 2021-22 பருவத்தில் மாற்றாக பெஞ்சில் இருந்தவர்தான் ஐசயா ஹார்ட்டன்ஸ்டைன். அதற்கு முந்தைய மார்ச்சில் டென்வர் அவரைக் கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. ஜாவேல் மெகீயை வாங்குவதற்காக, இவரோடு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதாவது இவர் ஒருவர் போதாது என்று மேலே காசு வைத்தார்கள். டென்வரின் நட்சத்திர சென்டர் யோகிச்சுக்குப் பின்னால் நிற்கும் சென்டருக்கு ஆட எங்கே நேரம் கிடைக்கும்? பிறகு கிளிப்பர்ஸ், பிறகு நியூயார்க். 2023 டிசம்பரில் மிட்செல் ராபின்சன் காயம்பட்டபோதுதான் முதல் ஐவரில் நிலையான இடம். அடுத்த கோடையில் ஓக்லஹோமா சிட்டி மூன்றாண்டுக்கு 8.7 கோடி டாலர் தந்தது. 2025 ஜூனில் கோப்பை.

அவர் ஆடும் ஒரு காட்சி எனக்கு அலுப்பதே இல்லை. கார்டுக்கு ஸ்கிரீனாக நிற்கிறார். ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் அவர் தோளை உரசிக்கொண்டு திரும்புகிறார், இரண்டு பேர் பாய்ந்து மறிக்கிறார்கள், பந்து ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஹார்ட்டன்ஸ்டைன் கைக்கு வருகிறது. ரிங் வரை முட்டி மோதுவதில்லை. இரண்டு எட்டு வைத்து, ஒற்றைக் கையால் பந்தை மெல்ல மேலே தள்ளுகிறார். தடுக்க வந்தவரின் விரல் நுனியைத் தாண்டி ஏறி, சத்தமில்லாமல் வலையில் இறங்குகிறது. தடுப்பவர் முன்னால் வந்துவிட்டால் அதே கை மூலையில் நிற்பவருக்குப் பந்தை அனுப்பிவிடும். அந்தக் கை டென்வரிலும் அவரிடம்தான் இருந்தது.

டிரேட் ஆனால் எல்லோரும் இப்படி மலர்ந்துவிடுவார்கள் என்று சொல்ல வரவில்லை. ஜேம்ஸ் வைஸ்மனை நினைத்தால் மனம் கனக்கிறது. கல்லூரியில் மூன்றே ஆட்டம் ஆடியவர், 2020-ல் இரண்டாவது ஆளாகத் தேர்வானார். 39 ஆட்டத்தில் முழங்கால் சவ்வு கிழிந்தது. அடுத்த பருவம் முழுக்கப் போனது. 2023 பிப்ரவரியில் டெட்ராய்ட் வாங்கியது. மீதமிருந்த 24 ஆட்டங்களில் 12.7 புள்ளி, 8.1 ரீபவுண்ட் எடுத்தார். ஆனால் அங்கே ஏற்கெனவே ஜேலன் டூரன், ஐசயா ஸ்டூவர்ட், மார்வின் பேக்லி என்று மூவர் இருந்தார்கள். அடுத்த பருவத்தில் மீண்டும் வரிசையின் பின்னால். இண்டியானாவுக்குப் போன பின் முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. காயத்துக்கு யாரும் பொறுப்பில்லை. இடமே இல்லாத வீட்டுக்கு விருந்தாளியை அழைத்ததற்குப் பொறுப்பு உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. நிமிடம் தர முடியாது என்றால் வாங்காதீர்கள். வாங்கினால் ஒரு முழுப் பருவம் வையுங்கள். ஆட்டத்துக்குப் பதினெட்டு நிமிடமாவது, தவறினாலும், நிச்சயமாக உண்டு என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். பத்து வேலை கொடுக்காதீர்கள். டல்லஸ் 2024 பிப்ரவரியில் டேனியல் கேஃபர்டை வாங்கியபோது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறியச் சொல்லவில்லை. ஸ்கிரீன் போடு, ரிங்குக்கு ஓடு, லூகா டொன்சிச் மேலே தூக்கிப் போடுவதைப் பிடி என்றது. மார்ச்சில் அவர் தொடர்ந்து 33 எறிதல்களைத் தவறவிடவில்லை; வில்ட் சேம்பர்லினின் சாதனையான 35-க்கு இரண்டுதான் குறை. ஜூனில் அந்த அணி இறுதிச் சுற்றில் நின்றது.

அடுத்த பிப்ரவரியில் அப்படி ஒருவர் உங்கள் ஊரில் வந்து இறங்குவார். ஒரு சூட்கேஸ், நீளம் போதாத ஹோட்டல் கட்டில், பாதிப் பெயர்களே தெரிந்த புது அணி. மறுநாள் காலை அரங்கைத் திறந்து வையுங்கள். அவர் எந்தக் கார்டோடு ஆடப்போகிறாரோ அவரையும் வரச் சொல்லுங்கள். ஆளில்லாத அந்த அரங்கில் இருவரும் நூறு ஸ்கிரீன் போட்டுப் பழகட்டும்.

இப்படிக்கு,
அதிகாலையில் எழுந்து உங்கள் ஆட்டங்களைப் பார்க்கும் ஒரு ரசிகன்