பழுதுபார்க்க வழிவிடுங்கள்: வீட்டுச் சாதனங்கள் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டு உபயோகச் சாதனங்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

ஓராண்டுக் காலம் புதிதாக எந்தப் பொருளையும் வாங்குவதில்லை என்று எங்கள் வீட்டில் முடிவெடுத்து அதன்படி நடந்துவருகிறோம். உணவு, மருந்து, சோப்பு என்று தீர்ந்துபோகிறவை மட்டும் இதற்கு விலக்கு. மற்றவற்றை இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறோம். இல்லாததை இரவல் வாங்குகிறோம். அதுவும் கிடைக்காதபோது பிறர் பயன்படுத்திய பொருளைத் தேடுகிறோம். இதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால், உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து அண்மையில் வந்த பதில் இந்த மடலை எழுத வைத்திருக்கிறது. எங்கள் சலவை இயந்திரத்தின் பேரிங் தேய்ந்துவிட்டது, பேரிங்கும் ஆயில் சீலும் மட்டும் அனுப்பிவையுங்கள் என்று கேட்டிருந்தோம். அவை தனியாக விற்கப்படுவதில்லை என்றும், புதிய இயந்திரத்துக்கு இப்போது சலுகை நடக்கிறது என்றும் இரண்டே வரியில் பதில் வந்தது.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. உதிரிபாகம் கேட்டோம். இந்த மடல் முழுவதும் அந்த ஒரு கோரிக்கைதான்.

அந்த இயந்திரத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். துணி சுற்றும் டிரம்மின் அச்சு, பின்புறத் தொட்டிச் சுவரில் பொருத்திய பேரிங்குகளின் மேல் சுழல்கிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரியாததல்ல. அவற்றின் முன்னால் தண்ணீரைத் தடுத்து நிற்கும் ரப்பர் ஆயில் சீல் நாளடைவில் தேய்ந்து, தண்ணீர் உள்ளே கசிந்து, கிரீஸைக் கரைத்து, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கிறது. பிழியும் நேரத்தில் வீடே அதிரும் அந்த இரைச்சல் அப்படித்தான் தொடங்குகிறது. மோட்டார் நன்றாக இருக்கிறது, பம்ப் நன்றாக இருக்கிறது, மின்பலகை நன்றாக இருக்கிறது; உள்ளங்கையில் அடங்கும் இரும்பு வளையம் ஒன்றுதான் பழுது. அதே அளவிலான பேரிங் பொதுச் சந்தையிலும் கிடைக்கும் என்று வந்து பார்த்த மெக்கானிக் சொன்னார். அவரைத் தடுத்தது பேரிங் அல்ல, தொட்டி.

முன்பெல்லாம் வெளித்தொட்டியின் இரண்டு பாதிகளும் ஸ்க்ரூக்களால் இணைக்கப்பட்டு, நடுவே ஒரு ரப்பர் வளையத்தோடு இருக்கும்; கழற்றினால் இரண்டாகப் பிரியும். எங்கள் இயந்திரத்திலோ இரண்டு பிளாஸ்டிக் பாதிகளையும் உருக்கி ஒட்டியிருக்கிறீர்கள். மெக்கானிக் அந்த ஒட்டு விளிம்பில் விரலை ஓட்டிக் காட்டினார். சுற்றிவர ஓர் ஸ்க்ரூ கூட இல்லை. உங்கள் சேவை மையம் சொன்ன ஒரே வழி, தொட்டி, டிரம், பேரிங் மூன்றையும் ஒரே தொகுப்பாக மாற்றுவது. அதற்கான செலவோ புதிய இயந்திரத்தின் விலையை நெருங்குகிறது. மெக்கானிக் சொன்ன வழி வேறு. விளிம்பை ரம்பத்தால் சுற்றிவர அறுத்து, பேரிங்கை மாற்றி, துளையிட்டு ஸ்க்ரூ போட்டு, சிலிக்கோன் பசை பூசி மூடலாம். ஆனால் பிறகு தண்ணீர் கசியாது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். நேர்மையான மனிதர். பல ஆண்டுகள் தொழில் கற்ற ஒருவர் சொந்தப் பொறுப்பில் ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டிய நிலைக்கு அவரைத் தள்ளியது உங்கள் வடிவமைப்பு.

பிரிக்க முடியாத தொட்டி உறுதியானது, கசிவு குறைவு, தயாரிப்புச் செலவும் குறைவு என்று நீங்கள் விளக்கம் தரலாம். அதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் அந்தச் சிக்கனத்தின் பலன் உங்களுக்கும், அதன் விலை எங்களுக்கும் என்று பங்கு பிரிவதைத்தான் ஏற்க முடியவில்லை. தேயும் என்று தெரிந்தே வைக்கப்படும் பாகத்தை எட்ட முடியாத இடத்தில் வைத்து மூடுவதற்கு என்ன நியாயம் இருக்க முடியும்?

இது நடக்காத காரியமும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல், சலவை இயந்திரத்தின் உதிரிபாகங்களை அந்த மாடலின் கடைசி இயந்திரம் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் வழங்க வேண்டும், கேட்ட 15 வேலைநாட்களுக்குள் அனுப்ப வேண்டும், எளிதில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே மாற்றக்கூடியதாக அவை இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பேரிங்கும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் டிரம்மையும் பேரிங்கையும் தனித்தனியாகவோ ஒன்றாகச் சேர்த்தோ தரலாம் என்று அங்கேயே ஒரு வாசல் திறந்து கிடக்கிறது. சிறிய வளையத்துக்காகப் பெரிய தொகுப்பை வாங்க வைக்க அந்த ஒரு சொற்றொடர் போதும். சட்டத்தின் ஓட்டையைத் தேடாமல் அதன் நோக்கத்தைப் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிரான்சில் 2021 முதல் சில சாதனங்களுக்கு 10-க்கு இத்தனை என்று பழுதுபார்ப்பு மதிப்பெண் போட்டு, வாங்குகிறவர் கண்ணில் படும்படி காட்டுகிறார்கள். பிரிப்பது எவ்வளவு எளிது, உதிரிபாகம் கிடைக்கிறதா, என்ன விலை என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். விதி வந்த இடத்தில் உங்களால் செய்ய முடிகிறது என்றால், விதி வராத இடத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் மறுக்கிறீர்கள்?

சிக்கனமாக வாழ முயலும் ஒரு வீட்டில் எதெல்லாம் எங்கள் கையில் இருக்கிறது என்பதை இந்த மாதங்களில் நன்றாகவே தெரிந்துகொண்டோம். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போட முடிகிறது. ஆடும் நாற்காலிக் காலைப் பசையிட்டு இறுக்க முடிகிறது. ஏணியையும் துளையிடும் கருவியையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுக்க முடிகிறது. மின்கம்பி பொருத்திய பொருளுக்கு வந்ததும் எங்கள் உரிமை முடிந்துவிடுகிறது. கெட்டிலின் அடியில் சாதாரண ஸ்க்ரூ டிரைவருக்கு அசையாத முக்கோணத் தலை ஸ்க்ரூ. கைபேசியின் பேட்டரியைச் சுற்றிப் பசை. ஐரோப்பாவில் 2027 பிப்ரவரி முதல் கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்றும்படி, சில விலக்குகள் தவிர, அமைக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. அதுவரை பசை பூசியது அவசியத்தினாலா, வசதியினாலா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதற்கிடையில் பூமியைக் காப்போம் என்று பச்சை இலை அச்சிட்ட அட்டைப் பெட்டிகளை வீடு வீடாக அனுப்புகிறீர்கள். 2022-இல் உலகம் முழுவதும் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 சதவீதம்தான் என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. எங்கள் இயந்திரத்தையும் அந்தக் குவியலில் சேர்க்கச் சொல்லித்தான் உங்கள் பதில் வந்திருக்கிறது. மோட்டாரில் இருக்கும் செம்பும், டிரம்மில் இருக்கும் எஃகும், அவற்றைத் தோண்டி உருக்கச் செலவான ஆற்றலும் ஒரு வளையத்துக்காக வீணாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. கோபம் என் எழுத்தில் மிகுந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். ஆனால் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

கேட்பது பெரிதல்ல. தேயும் பாகங்களை நியாயமான விலையில் தனித்தனியாக விற்பனை செய்யுங்கள். சாதாரணக் கருவிகளால் திறக்கும்படி மூடுங்கள். உங்கள் சேவை மையத்துக்குத் தரும் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தனியாகத் தொழில் செய்யும் மெக்கானிக்குகளுக்கும் கொடுங்கள். எந்த மாடலுக்கு எத்தனை ஆண்டுகள் உதிரிபாகம் கிடைக்கும் என்பதை வாங்கும் முன்பே தெரியும்படி பெட்டியின் மேல் அச்சிடுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்ட ஒட்டுத் தொட்டிகளுக்கு, குறைந்தபட்சம் அந்த முழுத் தொகுப்பையாவது பேரிங்குக்கு நெருங்கிய விலையில் தாருங்கள். தொட்டியை ஒட்டியது நாங்கள் அல்லவே.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று வெளிப்படையாகப் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அந்தப் பதிலில் புதிய இயந்திரத்துக்கான சலுகை எதையும் சேர்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சாதனத்தை இன்னும் பயன்படுத்த விரும்பும் ஒரு வாடிக்கையாளர்