ஸ்டாப்பர் இடம் கேட்டு ரைட் பேக்கில் நிற்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

டிஃபென்ஸின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் இடம் கேட்டுப் போன உன்னை கோச் வலது ஓரத்தில், ரைட் பேக்கில் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாய். பிரான்ஸின் பழைய டிஃபென்டர் லிலியன் துராமைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றாராம். வீடியோவில் தேடினால் குரோஷியாவுக்கு எதிரான இரண்டு கோல்தான் வருகிறது, இதில் டிஃபென்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கிறாய். பிரான்ஸுக்காக 142 ஆட்டம் ஆடியவர் அவர். அடித்த கோல் மொத்தமே இரண்டு, அதுவும் ஒரே இரவில். மீதி 141 ஆட்டத்தை யாரும் வெட்டி ஒட்டிப் போடுவதில்லை, என்ன செய்வது.

ரைட் பேக் அவரும் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்ட இடம் இல்லை. 1972 ஜனவரி 1 அன்று குவாதலூப் தீவில் பிறந்து, ஒன்பது வயதில் பாரிஸ் பக்கம் குடிவந்தவர். மொனாக்கோவில் ஆர்சென் வெங்கரிடம் வளர்ந்து, 1996-இல் இத்தாலியின் பார்மாவுக்குப் போனபோது அவர் மனம் ஊன்றியது நடுவில்தான். ஆனால் தேசிய அணியில் நடுவில் லோரான் பிளாங்கும் மார்செல் தெசாயியும் நின்றார்கள். அவர்களில் யாரை வெளியே உட்காரவைப்பது? கோச் எய்மே ஜாக்கே துராமை வலது ஓரத்தில் வைத்தார், இடது ஓரத்தில் லிசராசு. 1998 உலகக் கோப்பையில் ஏழு ஆட்டத்தில் பிரான்ஸ் வாங்கிய கோல் இரண்டே இரண்டு. ஒன்று டென்மார்க்கின் மிக்கேல் லாட்ரூப் அடித்த பெனால்டி. இன்னொன்றைப் பற்றித்தான் இந்தக் கடிதம், ஏனென்றால் அது துராமின் தவறு.

ஜூலை 8, அரையிறுதி. இரண்டாம் பாதி தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குரோஷியாவின் அசனோவிச் பந்தோடு வருகிறார், ஷூக்கர் இடைவெளியில் ஓடுகிறார், பந்து போகிறது, கோல். அந்த வீடியோவை பந்து காலை விட்டுக் கிளம்பும் நொடியில் நிறுத்திப் பார். மற்ற டிஃபென்டர்கள் முன்னால் ஒரு வரிசையில் நிற்கிறார்கள். துராம் மட்டும் அவர்களுக்குப் பின்னால் கிடக்கிறார். பந்து கிளம்பும்போது கோல்கீப்பர் தவிர்த்த கடைசி டிஃபென்டரையும் தாண்டி நின்றால்தான் ஆஃப்சைடு. அவர் ஒருவரால் ஷூக்கர் ஆஃப்சைடு ஆகவில்லை.

ஏன் பின்னால் கிடந்தார்? என் கணிப்பு, அது ஸ்டாப்பரின் பழக்கம். நடுவில் ஆடிப் பழகியவன் ஆபத்து என்றாலே இரண்டடி பின்வாங்கி மற்றவனுக்குக் காவல் நிற்பான். நடுவில் அது சரி. ஓரத்தில் நிற்பவன் அதைச் செய்தால் ஆஃப்சைடு கோடு முழுவதும் அவன் காலடிக்கு இறங்கிவிடும். நீயும் இதே தவறைத்தான் முதலில் செய்வாய், எழுதி வைத்துக்கொள்.

இதற்கு மருந்து உண்டு. வரிசையின் கோடியில் நிற்பவனுக்கு மட்டும்தான் தலையை ஒரு பக்கம் திருப்பினால் மற்ற மூவரும் தெரிவார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு அது முடியாது. ஆகவே கோட்டோடு சேர வேண்டிய பொறுப்பு உன்னுடையது. இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை உள்பக்கம் ஒரு பார்வை. பந்து வைத்திருப்பவன் பின்னால் பாஸ் கொடுத்தாலோ, உங்கள் கோலுக்கு முதுகு காட்டி நின்றாலோ நாலு பேரும் முன்னேறுங்கள். அவன் தலை நிமிர்ந்து, நெருக்க ஆளில்லாமல் உங்களைப் பார்த்து வந்தால் நாலு பேரும் இறங்குங்கள். ஒருவன் ஏறி ஒருவன் இறங்கினால்தான் கெட்டது.

பயிற்சிக்கு 30 மீட்டர் கயிறு ஒன்று போதும். நாலு பேரும் எட்டு முதல் பத்து மீட்டர் இடைவெளியில் அதைப் பிடித்துக்கொண்டு, பந்து இடம் மாறும்போதெல்லாம் சேர்ந்து நகருங்கள். கயிறு தொய்ந்தால் யாரோ நெருங்கிவிட்டான், கையை இழுத்தால் யாரோ விலகிவிட்டான், நேராக இல்லாமல் வளைந்தால் யாரோ பின்தங்கிவிட்டான். பந்து எதிர்ப்பக்க ஓரத்தில் இருக்கும்போது நீ உன் பக்கத்துக் கோட்டை விட்டு உள்ளே வந்து, பெனால்டி பெட்டியின் விளிம்புக்கு நேராக நில். அதற்கும் உள்ளே போகாதே. ஸ்டாப்பர் மனசு உன்னை உள்ளேதான் இழுக்கும், அப்போது ஒரு நீளப் பந்து குறுக்கே வந்தால் உன் ஓரத்தில் தாக்க வரும் எதிரணி விங்கர் தனியாக வாங்கிக்கொள்வான்.

இப்போது அந்த இரண்டு கோலுக்கு வருவோம். ஷூக்கர் அடித்த அடுத்த நிமிடமே துராம் முன்னால் பாய்ந்து, குரோஷியப் பெட்டிக்கு அருகில் போபனிடமிருந்து பந்தைப் பறித்து, தன் அணியின் ஜோர்காயெஃபுக்குத் தட்டி, திரும்பி வந்ததை வாங்கி அடித்தார். பறித்தாரே, அதை மட்டும் நாலு தடவை பார். எதிராளி பந்தைக் காலில் கட்டுப்படுத்தும் முன்பே ஒரு அடி முன்னால் வந்து வெட்டுவது நல்ல ஸ்டாப்பரின் வேலை. ஒரு நிமிடம் முன்பு அவரைக் கெடுத்த அதே ஸ்டாப்பர் புத்திதான் இங்கே கோலாக மாறியது.

இரண்டாவது 70-வது நிமிடத்தில். வலது கால்காரர், இடது காலால் பெட்டிக்கு வெளியிலிருந்து தூரத்து மூலைக்கு வளைத்தார். அவ்வளவு மேலே அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், குரோஷியா இடது ஓரம் முழுவதையும் யார்னி ஒருவரிடம் விட்டிருந்தது. ஏறுவதும் அவர், இறங்குவதும் அவர். அந்த ஒருவரைத் தாண்டினால் அந்தப் பக்கம் காலி. அந்த அடியை அதிர்ஷ்டம் என்று வேண்டுமானால் சொல், அங்கே போய்ச் சேர்ந்தது அதிர்ஷ்டம் இல்லை. ஆட்டம் 2-1. பிளாங்க் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியதால் கடைசிக் கால் மணி நேரத்தைப் பத்துப் பேராகத் தாக்குப் பிடித்தார்கள்.

ஒற்றைக்கு ஒற்றை நிற்பதில் ரைட் பேக்குக்கு ஒரு வசதி, மைதானத்தின் பக்கவாட்டுக் கோடு உன் பக்கம் ஆடும், அதைத் தாண்டினால் பந்து வெளியே. விங்கரிடமிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், உடம்பு பக்கவாட்டில், உள்பக்கத்தை அடைத்து, கோட்டுப் பக்கம் திறந்து வை. பந்து அவன் காலை விட்டு ஓர் எட்டுக்கு மேல் விலகும் வரை காலை நீட்டாதே. துராமிடம் பார்க்க வேண்டியது இந்தப் பொறுமையைத்தான். அவர் சறுக்கி எடுப்பது கடைசி வழி, முதல் வழி அல்ல.

இனி கிளப் பக்கம். பார்மாவில் கோச் மலெசானி காலத்தில் மூவர் டிஃபென்ஸ்: வலப்பக்கம் துராம், நடுவில் சென்சினி, இடப்பக்கம் கன்னவாரோ, பின்னால் கோல்கீப்பர் புஃபோன். 1999-இல் மாஸ்கோவில் மார்செய்யை 3-0 என்று வென்று யூஇஎஃப்ஏ கோப்பை எடுத்த அணி அது. மூவரில் வலப்பக்கம் நிற்பவன் பாதி ஸ்டாப்பர், பாதி ரைட் பேக். முன்னால் ஓரம் முழுவதும் ஏறி இறங்கி ஓடும் விங் பேக் ஏமாந்தால் ஓரத்துக்கு வெளியே போக வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் இருக்க வேண்டும். உன் கோச் என்றாவது மூவரை வைத்து ஆடினால் அந்த இடத்தைக் கேள்.

2001-இல் இன்னொரு இத்தாலிய கிளப், யுவென்டஸ். கோச் லிப்பி அவரை மறுபடி ஓரத்தில் வைத்தார், 2002, 2003 என இரண்டு லீக் பட்டம். 2004-இல் கோச்சாகக் கபெல்லோ வந்ததும் கன்னவாரோவோடு நடுவுக்குத் திரும்பினார். கபெல்லோ காலத்து 2005, 2006 பட்டங்கள் இரண்டும் பின்னர் ஊழல் வழக்கில் பறிக்கப்பட்டது வேறு கதை.

34 வயதில், 2006 உலகக் கோப்பையில், காலாஸோடு நடுவில் ஆடியதை முழு ஆட்டமாகப் பார். நடுக்களத்தில் மக்கலெலேயும் வியேராவும் முன்னால் காவல் நின்றதால் பின்னால் ஓட வேண்டிய தூரம் குறைந்தது, வேகம் போன குறை தெரியவில்லை. ஏழு ஆட்டத்தில் மூன்று கோல்தான் விட்டார்கள். போர்ச்சுகலுக்கு எதிரான அரையிறுதியில் ஆட்ட நாயகன் அவர்தான். இரண்டு ஆண்டு கழித்து யூரோவில் நெதர்லாந்து 4-1 என்று அடித்தபோது இதற்கு நேர் எதிர். டிஃபென்ஸுக்குப் பின்னால் வெட்டவெளி, எதிரே ராபன் போன்ற ஓட்டக்காரர்கள், இவருக்கு வயது 36. பிரான்ஸுக்காக அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

இந்த வாரம் 1998 அரையிறுதியைத் தொண்ணூறு நிமிடமும் பார். பந்தைப் பார்க்காதே, 15-ஆம் எண் சட்டையை மட்டும் பார்.

அன்புடன்,
அண்ணன்

பி.கு.: 2008-இல் பார்சிலோனாவிலிருந்து பாரிஸ் சாங் ஜெர்மாங்குக்கு மாற இருந்தபோது எடுத்த மருத்துவப் பரிசோதனையில்தான் துராமுக்கு இதயக் கோளாறு இருப்பது தெரிந்தது. அதோடு ஓய்வு பெற்றுவிட்டார். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்திருந்தால், அல்லது வீட்டில் யாராவது சிறு வயதில் இதயத்தால் திடீரென இறந்திருந்தால், சீசன் தொடங்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லி இ.சி.ஜி. எடுத்துவிடு. எக்கோவும் (இதய ஸ்கேன்) வேண்டுமா என்று அவரே சொல்வார்.