பி.எட். பாடத்திட்டக் குழுவினருக்கு: ஜான் டூயியை ஐந்து மதிப்பெண்ணில் முடித்துவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு, வணக்கம்.

நான் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். வருஷா வருஷம் பி.எட். மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வருகிறார்கள். இந்த முறை வந்த ஒரு பெண்ணிடம் பேச்சுவாக்கில் அமெரிக்கத் தத்துவ அறிஞரும் கல்வியாளருமான ஜான் டூயி பற்றிக் கேட்டேன். "பயனளவைக் கொள்கை சார், செய்து கற்றல். அஞ்சு மார்க் கேள்வி" என்றார். ஒரு கருத்தை அதன் நடைமுறைப் பயனை வைத்து மதிப்பிடுவதுதான் பயனளவைக் கொள்கை. அந்தப் பெயர்களுக்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. அவர் மேல் தப்பில்லை. நானும் அதையே மனப்பாடம் செய்து, அதையே எழுதித்தான் தேறினேன். வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத்தான் டூயியை எடுத்துப் படித்தேன். அந்தப் பத்து வருஷம் என்னிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

டூயி முதலில் ஒரு பள்ளி வாத்தியார். 1859-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்து, பட்டம் வாங்கியதும் பென்சில்வேனியாவில் உள்ள ஆயில் சிட்டி என்ற ஊரில் பாடம் நடத்தப் போனார். முனைவர் பட்டமும் மிச்சிகன் பல்கலைக்கழக வேலையும் அதற்கப்புறம்தான். 1894-இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குத் தத்துவத் துறைத் தலைவராகப் போனவர், 1896 ஜனவரியில் 16 பிள்ளைகளையும் 2 ஆசிரியர்களையும் வைத்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். தன் கருத்து சரியா தப்பா என்று பிள்ளைகளிடமே சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார்.

அந்தப் பள்ளிக்கு மேசை நாற்காலி வாங்க அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் ஒரு கடைக்காரர் சொன்னாராம்: நீங்கள் கேட்பது பிள்ளைகள் வேலை செய்வதற்கான மேசை, எங்களிடம் இருப்பதெல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கானவை. இதை டூயியே எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்த மறுநாள் என் வகுப்பறைக்குள் நுழைந்து அந்த நீளப் பெஞ்சுகளைப் பார்த்தேன். எல்லாம் கரும்பலகையைப் பார்த்தபடி, ஒரே வரிசையில்.

இன்னொன்று பருத்தி. அந்தப் பள்ளியில் பிள்ளைகள் கையில் ஆட்டு ரோமத்தையும் பஞ்சையும் கொடுத்தார்கள். கொட்டையிலிருந்து பஞ்சைப் பிரிக்க அரை மணி நேரம் போராடியும் ஓர் அவுன்ஸ்கூடத் தேறவில்லை. தங்கள் முன்னோர் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தியது ஏன் என்பது அந்தப் பிள்ளைகளுக்கு விரல் நுனியில் புரிந்தது. அங்கிருந்து இழையின் நீளம், இயந்திரம், வரலாறு என்று பாடம் தானாக நீண்டது. 'செய்து கற்றல்' என்று நாம் எழுதவைக்கும் இரண்டு சொல்லுக்குள் இருப்பது இதுதான். இதை விட்டுவிட்டால், வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் காகிதம் வெட்டி ஒட்டுவதுதான் டூயி என்று பயிற்சி மாணவர்கள் நம்பிவிடுகிறார்கள். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

அந்தப் பள்ளி அவர் கையில் நிலைக்கவில்லை. தலைமையாசிரியராக இருந்த அவர் மனைவி ஆலிஸின் பொறுப்பு பற்றிப் பல்கலைக்கழகத் தலைவரோடு மோதல் வந்தது. 1904-இல் வேலையை உதறிவிட்டுக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதே வருஷம் ஐரோப்பியப் பயணத்தில் அவருடைய எட்டு வயது மகன் டைபாய்டில் இறந்துபோனான். இதையெல்லாம் தாண்டித்தான் 1916-இல் ஜனநாயகமும் கல்வியும் பற்றிய பெரிய நூல் வந்தது. 1938-இல், எழுபத்தெட்டு வயதில், தன் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை இஷ்டத்துக்கு விட்டுவிட்ட பள்ளிகளையும் அவர் கண்டித்து எழுதினார். எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்றார். தன் பக்கத்து ஆட்களையே திருத்த முன்வந்த அந்த மனிதரை நம் மாணவர்கள் அறிய வேண்டாமா?

அப்புறம், எனக்கு ஆறவே ஆறாத ஒன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தபோது டூயியின் மாணவர். 1936-இல் சாதி ஒழிப்பைப் பற்றி எழுதிய நூலில், டூயியைத் தன் ஆசிரியர் என்றும் அவருக்குத் தான் மிகவும் கடன்பட்டவன் என்றும் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். 1952 ஜூன் 5-இல் கொலம்பியா தந்த கௌரவ டாக்டர் பட்டத்தை வாங்கப் போனபோது ஆசிரியரைச் சந்திக்கும் ஆசை அவருக்கு இருந்தது. டூயி ஜூன் 1-ஆம் தேதியே காலமாகிவிட்டார். தொண்ணூற்றிரண்டு வயது. எனக்குத் தந்த பி.எட். பாடநூலில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஜனநாயகம் என்பது வெறும் அரசாங்க முறை அல்ல, சேர்ந்து வாழும் முறை என்று டூயி எழுதியதை அம்பேத்கர் எப்படி நம் மண்ணின் சாதிக்கு எதிராகத் திருப்பினார் என்பதைப் படிக்காமல், நம் ஊர் வகுப்பறைக்கு ஓர் ஆசிரியர் எப்படித் தயாராவார்?

அடுத்த முறை பாடத்திட்டத்தைத் திருத்தும்போது டூயிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். கொள்கையின் பெயரையும் வரையறையையும் பிறகு சொல்லிக்கொள்ளலாம். முதல் நாள் மாணவர்கள் கையில் கொட்டையோடு பருத்தியைக் கொடுத்து அரை மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். மேசை பற்றியும் பருத்தி பற்றியும் டூயி எழுதிய பக்கங்களை எங்கள் பள்ளிக்கு வரும் பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் பிரதிதான். வேண்டுமென்றால் சொல்லுங்கள், நகல் எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்