சீசனுக்கு முன்னாடி: கூகுள் மதிப்புரை கியூஆர் அட்டை

ஊட்டி கடைக்கார உறவுகளுக்கு வணக்கம்ங்க.

மலர்க் கண்காட்சிக்கு வர்றவங்க கூகுள் மேப்பைப் பாத்துட்டுத்தான் கடைக்குள்ளயே வர்றாங்க. புவிசார் குறியீடு வாங்கின நம்ம வர்க்கி பிஸ்கட்டை வாயாரப் புகழ்ந்துட்டுப் போறாங்க. அதை ரெண்டு வரி எழுதிட்டுப் போனா நமக்கு எவ்வளவு பலம்!

கூகுள்ல உங்க கடைப் பக்கத்தைத் திறந்தா மதிப்புரை கேக்குறதுக்கான கியூஆர் குறியீடு இலவசமாவே கிடைக்கும். அதை அட்டையில அச்சடிச்சு வெச்சா, வர்றவங்க போன்ல ஸ்கேன் பண்ணி நேரா மதிப்புரை எழுதிடலாம். காசு கேக்குற ஏஜெண்டுகளை நம்பாதீங்க. கியூஆர்ல 30 சதவீதம் வரைக்கும் அழிஞ்சாலும் படிக்கிற வசதி உண்டு, ஆனா குறியீட்டை உருவாக்குறப்பவே பிழைதிருத்தத்தை அந்த உச்ச அளவுல வெச்சு உருவாக்கியிருக்கணும். நம்ம பனிக்கும் சாரலுக்கும் காகிதம் ஊறிடும், அதனால அட்டையைக் கடைக்குள்ள கல்லாப் பக்கமா வைங்க. ஜிபே அட்டையை ஒட்டி மட்டும் வைக்காதீங்க, ஜனங்க குழம்பிடுவாங்க. மேல "உங்க கருத்தை எழுதுங்க"ன்னு தமிழ், மலையாளம், கன்னடத்துல பெருசா எழுதுங்க. பில் போடறப்ப வாயாலயும் கேளுங்க. அட்டையை விட அதுதான் வேலை செய்யும்.

அஞ்சு ஸ்டார் போட்டா சாக்லேட் இலவசம்னு தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க. அது கூகுள் விதிக்கு விரோதம், மதிப்புரையையே தூக்கிடுவாங்க. சொந்தக்காரங்களை வெச்சு எழுதுறதும் அப்படித்தான். குறை எழுதினா கோபப்படாம அன்னிக்கே மரியாதையா பதில் போடுங்க.

அட்டை எடுக்கத் தெரியாதவங்க இங்க கேளுங்க, கடைக்கே வந்து செஞ்சு தர்றேன்.